புதன் கிடைத்தவர்

அங்கே பல்கலைக்கழக ஆட்டங்கள் புதன் மதியம்தான்.
வகுப்பில்லாத அரை நாள்.
பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள்.
டண்டீயில் அலஸ்டர் ரென்னிக்கு
இருபத்து மூன்று வருடப் புதன்கள் கிடைத்தன.
அவற்றில் மூன்று வருடம்
பெஞ்சின் காற்றடிக்கும் முனையில் நான்.
சட்டை எண் பதின்மூன்று. மாற்று கோல்கீப்பர்.
ஆடிய நிமிடங்கள்: பூஜ்ஜியம்.

அதனால் அவரைச் சரியாகப் பார்த்தவன் நான்தான்.
ஆடியவர்கள் பந்தைப் பார்த்தார்கள்.

டே ஆற்றிலிருந்து ஏறிவரும் காற்று
கார்னர் கொடியைத் தரையோடு சாய்க்கும்.
அவர் கையுறை போடமாட்டார்.
கத்தவும் மாட்டார்.
இடைவேளையில் மூன்றே வாக்கியம்;
மூன்றாவது, பெரும்பாலும்,
ஆரஞ்சுத் தோலை எங்கே போடுவது என்பது.

உடைமாற்றும் அறையைக் கூட்டாமல் போனான் என்று
கேப்டனை அரையிறுதியில் உட்காரவைத்தார்.
தோற்றோம்.
அடுத்த வாரம் துடைப்பத்தோடு முதலில் வந்தவன் கேப்டன்.
இரண்டாவதாக வந்தவர் ரென்னி, முறத்தோடு.

அவருடைய முதல் வருடம்
அபர்டீனில் ஒன்பது கோல் வாங்கினார்களாம்.
திரும்பும் வழியில் மினிபஸ்ஸில் மூச்சுச் சத்தம் மட்டும்.
அவர் ஹீட்டரைத் திருகிக்கொண்டே வந்தாராம்.
ஹீட்டர் என் காலத்திலும் வேலை செய்யவில்லை.
அதற்குள் கோப்பைகள் ஏழு ஆகியிருந்தன,
குளிர்பான இயந்திரத்துக்கும்
தொலைந்த பொருள் பெட்டிக்கும் நடுவே
ஒரு கண்ணாடி அலமாரியில்.

அவர் வளர்த்தவர்களில் ஆட்டக்காரராகப் பிழைத்தவன் ஒருவன்,
அவனும் நார்வேயில், இரண்டு வருடம்.
மற்றவர்கள் கணக்காளர், மண் பரிசோதகர்,
ஒரு பாதிரியார், நான் பல் மருத்துவன்.
உடற்கூறியல் தேர்வுக்கு முந்தின நாள்
பயிற்சிக்கு வந்த என்னைக்
கூம்புகளைக்கூடத் தொடவிடாமல்
நூலகத்துக்குத் துரத்தினார்.

நடுவில் ஒரு வருடம் அவர் இல்லை.
தெற்கே ஒரு தொழில்முறைக் கிளப் அழைத்தது.
சனிக்கிழமை ஆட்டம், டிக்கெட் வாங்கிய கூட்டம்,
பெயர் தைத்த ஜாக்கெட்.
தொடர்ந்து பதினொரு தோல்வி.
கிறிஸ்துமஸுக்கு முந்தின திங்கள், போனில், வேலை போயிற்று.
ஜனவரியில் எங்கள் மைதானத்தில் நின்றார்,
பாதிச் சம்பளத்துக்கு.
அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.
அந்த ஜாக்கெட்டை மட்டும் நாங்கள் அறிவோம்:
சேறு படிந்த பந்துகளைத் துடைப்பது அதால்தான்.
தைத்த எழுத்துகளில் ஆரும் என்னும் மிஞ்சியிருந்தன.

விடைபெறும் விருந்தை
யாரோ விவரம் தெரியாதவர் சனிக்கிழமை வைத்துவிட்டார்.
அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்போல
டையைத் தளர்த்துவதும் இறுக்குவதுமாக இருந்தார்.
எண்களை வாசித்தார்கள்.
வெற்றி இருநூற்றுப் பதினாறு.
அவர் உதடு அசைந்ததை நான் பார்த்தேன்,
தோல்விகளை எண்ணிக்கொண்டிருந்தாரோ என்னவோ.

என் முறை வந்து கை நீட்டினேன்.
பெயர் வரவில்லை அவருக்கு.
நெற்றியைச் சுருக்கி, என் தோளைத் தொட்டு,
"பதின்மூன்று," என்றார்.
"நீ முந்திக்கொண்டு வலப்பக்கம் சாய்வாய்.
எப்போதும். பந்து கிளம்பும் முன்னாலேயே."

பதினான்கு வருடம் கழித்து
ஒருவர் என்னைப் பார்த்திருக்கிறார் என்று தெரிந்தது.

பழத்தட்டிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்தார்.
என் பின்னால் கதவு, இருபக்கமும் திறந்து.
கோட்டுப் பொத்தானைக் கழற்றினேன்,
முழங்காலை மடக்கினேன்.
பரிமாறுபவர் தட்டோடு ஒதுங்கினார்.

இந்த முறை பொறுத்தேன்.
அவர் கையைவிட்டுப் பழம் கிளம்பும்வரை,
இன்னும் ஒரு கணம்கூட, பொறுத்தேன்.

வலப்பக்கம் போட்டார்.